கொடை உம்முடையது, பந்தி ஊருடையது!

சுரண்டையில் காலையில் பஸ் ஏறினால் உச்சிப்பொழுதுக்கு முன்பே சேரன்மாதேவிக்குப் போய்விடலாம். அந்த ஊரின் பெயரைக் கேட்டதும் பலருக்குத் தாமிரபரணியும் வயல்வெளியும் நினைவுக்கு வரும். நமக்கோ ஒரு தண்ணீர்ப் பானை நினைவுக்கு வருகிறது. நூறாண்டுக்கு முன்பு அந்தப் பானையில் ஒரு பையன் தண்ணீர் மொண்டு குடித்தான். அதனால் தமிழ்நாட்டு அரசியலே இரண்டாகப் பிளந்தது!

அந்தப் பானையை இன்றைக்கு ஏன் எடுத்து வைக்கிறோம்? காரணம் இருக்கிறது.

சுரண்டையில் காமராசர் பெயரால் அரசு கலைக் கல்லூரி நடக்கிறது. குற்றாலத்தில் பராசக்தி மகளிர் கல்லூரி நடக்கிறது. ஆழ்வார்குறிச்சியில் பரமகல்யாணி கல்லூரி நடக்கிறது. இவற்றிலிருந்து ஆண்டுதோறும் பட்டம் வாங்கி வெளியே வருகிறார்கள் - மடியில் சுளகு வைத்துப் பீடி சுற்றும் தாயின் மகள், காய்கறிக் கமிஷன் கடையில் மூட்டை தூக்குகிறவரின் மகன், சூளையில் கல் அறுத்தவரின் பேரன். பட்டம் கையில் இருக்கிறது. அதற்கு மேல்? முதுகலை, ஆராய்ச்சி, போட்டித் தேர்வு - எதைத் தொட்டாலும் முதலில் எழும் கேள்வி, "எங்கே தங்குவது? யார் சோறு போடுவது?" என்பதுதான். படிக்க மூளை இருக்கிறது. படுக்கப் பாய் இல்லை!

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. கலெக்டர் வந்தார், போலீஸ் அதிகாரி வந்தார், பெயர்ப் பலகைகள் மாறின. ஆனால் 1990-இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் நெல்லை மாவட்டத்து அபிஷேகப்பட்டியில் இருக்கிறது. தென்காசிச் சாலையில்தான் இருக்கிறது. இல்லை என்று சொல்லவில்லை. ஆயினும் விடியுமுன் கிளம்பி, இருட்டியபின் வீடு திரும்பும் பிள்ளைக்குப் பாதிப் படிப்பு பஸ்ஸின் கம்பியைப் பிடித்தபடியே கரைந்துபோகிறது. மீதிப் பாதி, வீட்டில் ஒற்றை விளக்கின் கீழே, தாய் இலை நறுக்கும் இடத்துக்கும் தம்பி தூங்கும் இடத்துக்கும் நடுவே நடக்க வேண்டும்.

ஆகவே நாம் கேட்கிறோம்: இந்த மாவட்டத்துக்குப் பட்டதாரிகள் தங்கிப் படிக்கும் கல்லூரி ஒன்று வேண்டும். வெறும் அறையும் கட்டிலும் உள்ள விடுதி அன்று. நூலகம் இருக்க வேண்டும். ஆசிரியர் உடன் இருக்க வேண்டும். வெளியூர் அறிஞர்கள் வந்து தங்கிப் பேசிப் போகும் கூடம் இருக்க வேண்டும். அரசாங்கம் இடம் தரட்டும். பணம் படைத்தோர் கொடை தரட்டும். வரவேற்போம், வாழ்த்துவோம், வாசலில் பெயரும் எழுதுவோம். ஆனால் அஸ்திவாரம் தோண்டுமுன் ஒன்றை முடிவு செய்துகொண்டே தீர வேண்டும். அந்த வீட்டின் பந்தி யாருடையது? கொடுத்தவருடையதா, உண்பவருடையதா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தான் சேரன்மாதேவிப் பானை தேவைப்படுகிறது.

1922-இல் வ.வே.சு. ஐயர் தமிழ்க் குருகுலம் தொடங்கினார். சாமான்யரல்லர் அவர். பாரிஸ்டர் படிப்புக்கு இலண்டன் சென்று, வெள்ளையனை வெளியேற்றும் புரட்சிக் கூட்டத்திலே சேர்ந்து, புதுச்சேரியில் பல்லாண்டு அடைக்கலம் புகுந்து வாழ்ந்தவர். திருக்குறளை ஆங்கிலத்திலே தந்தவர். தமிழ்ச் சிறுகதைக்குத் தடம் போட்டவர். ஆசிரியனும் மாணவனும் ஒரே இடத்தில் தங்கி, உழைத்து, படித்து, நாட்டுக்கு ஆளாக வேண்டும் என்பது அவருடைய கனவு. நல்ல கனவு. நாட்டாரும் நம்பிக் கொடுத்தார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, முதலில் ஐயாயிரம் கொடுத்தது. செட்டிநாட்டிலிருந்து பணம் வந்தது. கடல் கடந்து மலேயாவில் வியர்வை சிந்திய தமிழர் பணமும் வந்தது.

எல்லாருடைய பணமும் ஒரே பெட்டியில் விழுந்தது. எல்லாருடைய அரிசியும் ஒரே உலையில் வெந்தது. ஆனால் இலை மட்டும் இரண்டு இடத்தில் விழுந்தது! பார்ப்பனப் பிள்ளைகள் இருவருக்குத் தனி இடத்தில் சாப்பாடு. தனிப் பானையில் தண்ணீர். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் மகன் - ஆம், 1947-இல் சென்னை மாகாண முதல்வரான அதே ஓமந்தூராரின் மகன் - அங்கே படித்தான். தாகம் எடுத்தது, அந்தப் பானையில் குடித்தான், அடி விழுந்தது. பையன் தகப்பனிடம் சொன்னான்; தகப்பன் தலைவர்களிடம் சொன்னார்; செய்தி நாடெங்கும் பரவிற்று.

ஐயர் என்ன சொன்னார்? "அந்த இருவரின் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்" என்றார். 1925 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு வந்த காந்தியார் ஒரு சமரசம் சொன்னார்: ஏற்கெனவே சேர்ந்துவிட்ட இருவர் மட்டும் தனியே உண்ணட்டும், இனி அப்படி எவரையும் சேர்க்க வேண்டாம் என்றார். பார்க்கப்போனால் சின்ன விஷயம்! இரண்டே பிள்ளைகள்! இரண்டு வாழை இலை, ஒரு மண்பானை! இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்டவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள்.

பெரியார் ஈ.வெ.ரா. விடவில்லை. டாக்டர் வரதராசுலு நாயுடு விடவில்லை. மீதி ஐயாயிரத்தைக் கொடுக்கமாட்டேன் என்று பெரியார் தடுத்து நின்றார். 1925 ஏப்ரலில் திருச்சியில் கூடிய காங்கிரஸ் கமிட்டியில், பிறப்பினால் உயர்வு தாழ்வு என்பதைத் தேசிய இயக்கத்தைச் சேர்ந்த எந்த அமைப்பும் ஏற்கக் கூடாது என்னும் தீர்மானத்தை எஸ். இராமநாதன் கொண்டுவந்தார், அது நிறைவேறிற்று. இராசகோபாலாச்சாரியாரும் வேறு சிலரும் கமிட்டியிலிருந்து விலகினர். அந்த ஜூனிலேயே ஐயர் பாபநாசத்து அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிர் துறந்தார். அந்தச் சாவுக்கு எவரும் மகிழவில்லை. நாமும் மதிப்போடுதான் குறிக்கிறோம். அந்த நவம்பரில், காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடம் மறுக்கப்பட, பெரியார் காங்கிரசை விட்டே வெளியேறினார். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? ஐயர் கெட்டவர் என்பதா? அன்று! நல்லவர் நடத்திய வீட்டிலேயே இது நடந்தது என்பதுதான் பாடம். யாரோ இரண்டு பெற்றோருக்கு அவர் கொடுத்த வாக்கு, ஆயிரம் பேர் கொடுத்த பணத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பந்தியின் விதி எழுத்தில் இல்லாதபோது, எவருடைய குரல் உரத்து ஒலிக்கிறதோ அவருடைய வழக்கமே விதியாகிவிடும். நல்லெண்ணத்தை நம்பி அடுப்பு மூட்டக் கூடாது, தோழர்களே! விதியை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் அடுப்பு மூட்ட வேண்டும்.

இந்தப் பாடத்தைச் சேரன்மாதேவிக்கு முன்பே உணர்ந்தவர் ஒருவர் இருந்தார். சென்னையில் டாக்டர் சி. நடேசனார். வெளியூரிலிருந்து பட்டணத்துக்குப் படிக்க வந்த பார்ப்பனரல்லாத பிள்ளைகளுக்குத் தங்க இடமில்லை. ஓட்டலில் உள்ளே உட்கார்ந்து சாப்பிட உரிமையில்லை. கல்லூரிக் கதவு திறந்திருந்தது. சாப்பாட்டுக் கூடத்தின் கதவு சாத்தியிருந்தது! நடேசனார் 1916-ஆம் ஆண்டுவாக்கில் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் நடத்தினார். சோறும் பாயும் கொடுத்தார். அங்கே தங்கிப் படித்தவர்களில் ஒருவர், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே. சண்முகம் செட்டியார். ஒரு வாடகை வீட்டின் பந்தி, நாட்டின் கஜானாச் சாவியைப் பிடிக்கும் கையை வளர்த்தது!

அதற்குப் பிறகும் பானை சும்மா இருக்கவில்லை. 1943-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரி விடுதியில் பார்ப்பன மாணவருக்கு ஒரு தண்ணீர்ப் பானை, மற்றவருக்கு வேறு பானை. தனியார் மடமன்று, அரசாங்கத்து விடுதி! மாணவர்கள் கொதித்தெழுந்தனர், திராவிட மாணவர் கழகம் பிறந்தது. பார்த்தீர்களா? தங்கிப் படிக்கும் வீட்டில் பாடம் வகுப்பறையில் மட்டும் நடப்பதில்லை. பானையடியில் நடக்கிறது. பந்தியில் நடக்கிறது. பகலில் ஆசிரியர் சமத்துவம் கற்பிப்பார். இரவில் சமையற்காரர் அதை அழித்துவிடுவார்!

"சரி, கொடையாளிகளைக் குறை சொல்லவா கிளம்பினீர்கள்?" என்று சிலர் கேட்கக் கூடும். இல்லை. கொடுத்தவர் பெயரை நன்றியோடு சொல்வது தமிழன் பண்பு. அண்ணாமலைச் செட்டியார் இருபது இலட்சம் ரூபாய் கொடுத்தார்; 1929-இல் சிதம்பரத்தில் மாணவர் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம் எழுந்தது. நாவலர் நெடுஞ்செழியனும் பேராசிரியர் அன்பழகனும் தமிழ் படித்தது அங்கேதான். கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி கண்டார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைய முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து இலட்சம் ரூபாயும் கொடுத்தார். 1957-இல், ஐம்பது வயது நிரம்புமுன்பே மறைந்தார். வள்ளல் என்ற சொல்லுக்கு அவர் பொருந்துவார்.

ஆனால் கொடுப்பது வேறு. கொடுத்தபின் பிடித்துக்கொண்டிருப்பது வேறு. பச்சையப்பர் 1794-இல் மறைந்தார். அவர் உயில் பேசியது பெரும்பாலும் கோவில் தருமத்தைப் பற்றி. பின்னாளில் நீதிமன்றம் தலையிட்டு, பெருகிக் கிடந்த பணத்தைக் கல்விக்குத் திருப்பியது. 1842-இல் பள்ளி பிறந்தது. அதுவே கல்லூரியாக வளர்ந்தது. ஆயினும் 1947 வரை அந்தக் கல்லூரியில் இந்து மாணவருக்கு மட்டுமே இடம். செத்தவர் கை, உயிருள்ள பிள்ளையைக் கதவண்டை நிறுத்தி வைத்தது! அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கொடையில் பிறந்த அந்த நிலையம் பணமுடையில் சிக்கியபோது, 2013-இல் சட்டம் செய்து அதைத் தாங்கிக்கொண்டது யார்? அரசாங்கம். அரசாங்கம் என்றால் யார்? வரி கட்டும் நீங்களும் நாமும்! கொடையாளி முதற்கல் வைக்கிறார்; கடைசிக் கல்லை மக்கள்தான் வைக்கிறார்கள்.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். அமெரிக்காவில் ஏல் பல்கலைக்கழகம் இருக்கிறது. உலகப் புகழ் பெற்றது. மாணவர் தங்கிப் படிக்கும் கல்லூரிகள் அதன் பெருமை. அந்தப் பெயர் யாருடையது தெரியுமா? 1687 முதல் 1692 வரை நம் சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு ஏல் என்ற கம்பெனிக்காரனுடையது! சொந்த வியாபாரத்தில் இங்கே கொழுத்தான், ஊழல் குற்றச்சாட்டில் பதவி இழந்தான், சீமைக்குப் போனான். 1718-இல் அந்தக் கல்லூரிக்கு ஒன்பது பொதிச் சரக்கும் 417 புத்தகங்களும் மன்னர் படமும் அனுப்பினான். பொதிகளை விற்றதில் 562 பவுன் கிடைத்தது. கல்லூரிக்கு அவன் பெயர் நிலைத்தது! சென்னைக் கரையில் தறியில் குனிந்த நெசவாளிக்கு அந்தக் கல்லூரியில் ஒரு செங்கல்லிலாவது பெயர் உண்டா? அவன் காலத்துக் கோட்டையிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டார்களே, அவர்களுக்கு உண்டா? 2024-இல்தான் அந்தப் பல்கலைக்கழகம் தன் பழைய அடிமைத்தளைத் தொடர்புகளுக்கு முறைப்படி மன்னிப்புக் கேட்டது. முந்நூறு ஆண்டு ஆயிற்று, கொடையின் கணக்கை ஊர் அறியச் சொல்ல!

அப்படியானால் உண்மையான கொடையாளி யார்? விருதுநகரைப் பாருங்கள். 1889-இல் அங்கே பள்ளிக்கூடம் எழுந்தது; கடைகளில் ஒதுக்கிய மகமையும், வீடுகளில் உலையில் போடுமுன் எடுத்து வைத்த பிடி அரிசியும் கல்வியை வளர்த்தன. அங்கே படித்த ஏழைப் பையன் ஒருவன்தான், 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்த முதலமைச்சர். சுரண்டைக் கல்லூரி தாங்கி நிற்கும் பெயருக்கு உரியவர். பிடி அரிசிக்குக் கல்வெட்டு இல்லை. ஆனால் அந்த அரிசியை உண்டவன், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் இலை போட்டான்!

நம் பக்கத்துப் பீடித் தொழிலாளியும் கொடையாளிதான். 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி பீடி மேல் தீர்வை விதித்து, அந்த நிதியிலிருந்து தொழிலாளர் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை கொடுத்தார்கள். தாய் சுற்றிய ஒவ்வோர் ஆயிரம் பீடியிலும் மகளின் புத்தகத்துக்கு ஒரு பங்கு இருந்தது! ஜி.எஸ்.டி. வந்த 2017-இல் அந்தத் தீர்வை ரத்தாயிற்று. உதவி இனி டில்லியின் பொது வரவு செலவில் கையேந்தி நிற்க வேண்டும். குற்றாலத்துப் பராசக்தி கல்லூரி 1964-இல் தொடங்கியது அறநிலையத்துறையின் கீழ். கோவில் நிலத்தை உழுதவன் அளந்த நெல்லும், உண்டியலில் ஏழை போட்ட காசும் அதில் இருக்கின்றன. அவனையும் கொடையாளிப் பட்டியலில் சேருங்கள். அப்புறம் பார்ப்போம், யார் பெரிய வள்ளல் என்று!

இனி, வந்து போகும் அறிஞர்களைப் பற்றி ஒரு வார்த்தை.

சாரல் விழும் மாதங்களில் குற்றாலத்துக்குக் குளிக்கக் கூட்டம் வருவதுபோல, மேற்கு மலையைப் பார்க்க ஆராய்ச்சிக் கூட்டமும் வருகிறது. களக்காடு முண்டந்துறைக் காட்டுக்கு வருகிறார்கள். ஆழ்வார்குறிச்சியில் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கிறது. மணிமுத்தாறில் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் இருக்கிறது. 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் கூட நின்று எண்ணுகிறார்கள். நல்ல காரியம். அறிஞனும் ஊரானும் ஒரே கரையில் நிற்கும் காரியம்.

ஆனால் எல்லாக் கூட்டமும் அப்படியா? ஊருக்கு வந்து, வழிகாட்ட ஒரு பையனைப் பிடித்து, செடியின் பெயரை அவனிடம் கேட்டு எழுதி, ஊர் திரும்பி, அவன் பெயரில்லாமல் அச்சிட்டுக்கொள்வது உலகெங்கும் நடப்பதுதான். வழிகாட்டிய பையனுக்கு ஒரு நாள் கூலி. எழுதியவருக்கு டாக்டர் பட்டம்! அந்தப் பையனும் பட்டதாரியாக இருக்கக் கூடும். அவனுக்குத் தங்க ஓர் இடமும், உட்கார ஒரு மேசையும், கேள்வி கேட்க ஒரு கூடமும் இருந்திருந்தால், அந்த ஆராய்ச்சியை அவனே எழுதியிருப்பான். இதற்காகவும்தான் தங்கிப் படிக்கும் கல்லூரி கேட்கிறோம்.

அறிஞர் கூட்டத்தை எப்படி வரவேற்பது என்று நமக்குக் கற்றுத்தர வெளிநாட்டான் வேண்டாம். சுரண்டைக்குப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் 1859-இல் பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். எளிய குடியில் பிறந்து, ஆசிரியராகி, பின் சித்த வைத்தியராகித் தஞ்சையில் பொருள் ஈட்டினார். ஈட்டியதை என்ன செய்தார்? 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் கண்டார். நாட்டின் பல பகுதியிலிருந்தும் இசை வல்லுநர்களை வரவழைத்து, தம் செலவிலே மாநாடுகள் நடத்தினார். சுருதி எத்தனை என்று வாதாட வைத்தார். 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். பணமும் அவருடையது, கூடமும் அவருடையது, கருத்தும் அவருக்கு இருந்தது. ஆயினும் விவாதத்துக்குக் கதவைத் திறந்து வைத்தார். இந்த மண்ணில் பிறந்த கொடையாளியின் இலக்கணம் இது! வந்த அறிஞரை வேடிக்கை பார்க்கச் செய்யவில்லை, வாதிடச் செய்தார்.

இப்போது, கட்டப்போகும் வீட்டின் விதிக்கு வருவோம்.

முதலாவது, சேர்க்கை. கொடையாளிக்கு ஓர் இடம்கூட ஒதுக்கக் கூடாது. அவர் சாதிக்கும் இல்லை, அவர் சொந்தக்காரருக்கும் இல்லை, அவர் கடிதம் கொண்டுவருபவருக்கும் இல்லை. குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவருக்கு முன்னுரிமை, பெண்களுக்குச் சரிபாதி. மாலை ஆறு மணிக்குப் பெண்ணுக்கு மட்டும் வாசலைப் பூட்டும் விதி அங்கே இருக்கக் கூடாது. நூலகம் இரவு பத்து மணி வரை திறந்திருந்தால், இருவருக்கும் திறந்திருக்கட்டும்.

இரண்டாவது, அடுப்பு. ஒரே அடுப்பு, ஒரே பானை, ஒரே பந்தி. சமைப்பவரைத் தேர்ந்தெடுப்பதில் கைப்பக்குவம் பார்க்கலாம். பிறப்புப் பார்க்கக் கூடாது. காப்பாளரும் அங்கேதான் உண்ண வேண்டும். கொடையாளி வந்தால் அவரும், துணைவேந்தர் வந்தால் அவரும், வெளிநாட்டுப் பேராசிரியர் வந்தால் அவரும் அதே பந்தியில், அதே குழம்பைத்தான் உண்ண வேண்டும். பெரியவர்கள் உண்ணும் குழம்பில் பருப்பு தானாகவே கூடும்!

மூன்றாவது, கணக்கு. வந்த காசு, போன காசு, மாதந்தோறும் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். உணவுக் குழுவில் மாணவர் பெரும்பான்மை வேண்டும். கொடை எங்கிருந்து வந்தது என்பதும் அந்தச் சுவரில் எழுதப்படட்டும். மறைத்துக் கொடுக்கும் கொடைக்குப் பின்னால் மறைத்துக் கேட்கும் உரிமை ஒன்று வரும்.

நான்காவது, விருந்தாளி அறிஞர். வரட்டும்; தங்கட்டும்; வாடகை கொடுக்கட்டும். தங்கும் வாரத்தில் ஒரு மாலை, தாம் செய்யும் ஆராய்ச்சியைத் தமிழிலே, வேண்டுமானால் மொழிபெயர்ப்பாளர் துணையோடு, மாணவருக்கு விளக்கட்டும். இந்த மண்ணைப் பற்றி எழுதுவதில் ஒரு படி இந்த வீட்டு நூலகத்துக்கு வரட்டும். உதவிய மாணவன் பெயர் அதில் அச்சாகட்டும்.

"இத்தனை நிபந்தனை போட்டால் எந்தக் கொடையாளி வருவார்?" என்று கேட்பவர்களுக்குச் சொல்லுகிறோம்: சேர்க்கையில் ஓர் இடமும், சமையற்கட்டில் ஓர் அதிகாரமும் கேட்டுக் கொடுப்பது கொடையன்று, கொள்முதல்! அது நமக்கு வேண்டாம். நிபந்தனையில்லாமல் கொடுப்பவர் இந்த நாட்டில் அற்றுப்போகவில்லை.

"சாதி இப்போது எங்கே இருக்கிறது, பழைய பானையை ஏன் கிளறுகிறீர்கள்?" என்பாரும் உண்டு. தொலைவு போக வேண்டாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன் படித்த மாணவர்களே ஒரு வீட்டுக்குள் புகுந்து, அண்ணனையும் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். அதன்பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் அறிக்கை தந்தது. கல்வி நிலையங்களின் பெயரிலிருந்து சாதியை எடுக்கச் சொன்னது. 2025 ஜூலையில் தமிழ்நாடு அரசு, மாணவர் விடுதிகள் எல்லாம் இனி 'சமூகநீதி விடுதி' என்று அழைக்கப்படும் என அறிவித்தது. பலகை மாறியதை வரவேற்கிறோம். ஆனால் பலகையோடு நிற்கலாமா? 2023-இல் கல்லூரி விடுதி மாணவருக்கு உணவுப்படி மாதம் 1,500 ரூபாய் என உயர்த்தினார்கள். முன்பு இருந்ததைவிட அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் முப்பது நாளுக்கு வகுத்துப் பாருங்கள்: நாளைக்கு ஐம்பது ரூபாய்! மூன்று வேளைக்கு! ஆராய்ச்சி செய்யும் வாலிபனின் வயிற்றை அந்த ஐம்பது ரூபாய் நிரப்புமா என்று உங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடைக்காரரைக் கேளுங்கள். வேண்டியவர் ஆட்சி, வேண்டாதவர் ஆட்சி என்று பார்த்து இதை நாம் சொல்லவில்லை. ஏழைப் பிள்ளையின் இலையைப் பார்த்துச் சொல்லுகிறோம்.

2022-இல் புதுமைப் பெண் திட்டமும், 2024-இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் வந்தன. அரசுப் பள்ளியில் படித்தவர் கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய். அந்த ஆயிரம் பல வீட்டில் பஸ் காசாகவும் புத்தகமாகவும் மாறியிருக்கிறது. அதனால் கல்லூரி வாசல் வரை வந்துவிட்ட கூட்டம் பெரிது. அந்தக் கூட்டம் பட்டத்தோடு நின்றுவிடக் கூடாது. அடுத்த படிக்கு ஏற இடம் வேண்டும்.

தோழர்களே! இதைக் கோட்டையில் இருப்பவர்கள் செய்வார்கள் என்று காத்திருப்பது நம் வழக்கமன்று. சைக்கிள் கடை வாசலிலும் டீக்கடைப் பக்கத்திலும் படிப்பகம் நடத்தி, ஒரு பத்திரிகையைப் பத்துப் பேர் படித்து வளர்ந்த இயக்கம் இது. உங்கள் கிளையில் தீர்மானம் போடுங்கள். மாவட்டப் பட்டதாரிக் கல்லூரிக்கு இடம் கேட்டுச் சட்டமன்ற உறுப்பினரிடம் மனு கொடுங்கள். இந்த ஆண்டு உங்கள் தெருவில் பட்டம் வாங்கியவர் எத்தனை பேர், அவர்களில் மேலே படிக்க விரும்பியும் முடியாமல் கடைக்கும் களத்துக்கும் திரும்பியவர் எத்தனை பேர் என்று கணக்கெடுங்கள். குளத்துப் பறவையைக்கூட எண்ணுகிறார்கள்; நம் பிள்ளைகளை நாமாவது எண்ண வேண்டாமா? வியாபாரத் தோழர்கள் மகமையை நினைத்துக்கொள்ளட்டும். வீட்டுத் தாய்மார்கள் பிடி அரிசியை நினைத்துக்கொள்ளட்டும். முதற்கொடை தொழிலாளியின் கையிலிருந்து வரட்டும். அப்போது பணக்காரரும் பக்கத்தில் வந்து, அளவோடு நிற்பார்.

வீடு எழும்பட்டும். வாசலில் வள்ளலின் பெயர் இருக்கட்டும்; தடையில்லை. ஆனால் உள்ளே சாப்பாட்டுக் கூடத்தின் சுவரில், அடுப்பு மூட்டுமுன்பே, கரியால் எழுதினாலும் எல்லார் கண்ணிலும் படும்படி எழுதி வையுங்கள்: இங்கே ஒரே பந்தி!